வானிலிருந்து கடலின் ஆழம்

தண்ணீரின் முறிவுச் சுட்டி 1.33. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் நாங்கள் பரீட்சைக்காக மனனம் செய்யும் எண் இது. இதை மறந்தால் ஒரு கப்பல் தரைதட்டக்கூடும் என்பது, விமானத்திலிருந்து லேசரால் கடலின் ஆழத்தை அளக்கும் முறையைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அவுஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளப்பாறைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைகள் நிறைந்த ஆழமற்ற கடல் அது. அளக்கப் போகும் கப்பலே மோதிவிடலாம். ஆகவே அந்நாட்டுக் கடற்படை 1993இல் லேசர் பொருத்திய விமானத்தைச் சேவையில் சேர்த்தது.

இம்முறையில் இரண்டு ஒளிகள் பயன்படுகின்றன. 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ் ஒளி நீருக்குள் ஆழமாகப் போவதில்லை. அது நீர்மட்டத்தைக் காட்டும். 532 நனோமீற்றர் பச்சை ஒளி உள்ளே சென்று, கடலடியில் பட்டுத் திரும்பும். நேர்கீழாகச் சென்றால், 10 மீற்றர் ஆழத்துக்குப் போய்வர அது எடுக்கும் நேரம் சுமார் 89 நனோ செக்கன். ஒரேயொரு நனோ செக்கன் பிழைத்தாலும் ஆழம் 11 சென்ரிமீற்றர் மாறிவிடும்.

இந்த நேரத்தை வளியில் ஒளி செல்லும் வேகத்தால் பெருக்கினால் என்னவாகும்? 10 மீற்றர் ஆழம் 13.3 மீற்றர் என்று வரும். கிணற்றை எட்டிப் பார்க்கும்போது நம் கண் ஆழத்தைக் குறைத்தே காட்டுகிறது. அந்தப் பிழையால் கப்பலுக்கு ஆபத்தில்லை. கணக்கில் வரும் பிழையோ ஆழத்தைக் கூட்டிக் காட்டுகிறது. மாலுமி அதை நம்பினால் கதை முடிந்தது!

சினெல்லின் விதியும் இங்கே வேலை செய்கிறது. 20 பாகையில் சரிந்து விழும் கதிர் நீருக்குள் ஏறத்தாழ 15 பாகைக்குத் திரும்பும். இதைத் திருத்தாவிட்டால், 10 மீற்றர் ஆழத்திலுள்ள பாறை வரைபடத்தில் கிட்டத்தட்ட 1 மீற்றர் தள்ளிப் போய்விடும்.

என்னை மிகவும் கவர்ந்தது கரையோரச் சிக்கல்தான். லேசர்த் துடிப்பு 5 நனோ செக்கன் நீடித்தால், அரை மீற்றர் ஆழத்தில் நீர்மட்டத்தின் எதிரொளியும் கடலடியின் எதிரொளியும் ஒன்றோடொன்று கலந்து ஒரே மேடாகத் தெரியும். அனுப்பிய துடிப்பின் வடிவம் நமக்குத் தெரியும். அப்படியான இரண்டு வடிவங்களை எவ்வளவு இடைவெளியில் வைத்துக் கூட்டினால் கிடைத்த மேடு வரும் என்று கணினி திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்க்கிறது. இணைந்த கணிதம் படிக்கும் தோழியருக்கு இது பிடிக்கும்.

கலங்கிய நீரில் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. மண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கடலடியின் எதிரொளி வந்து சேராது. ஆழம் அதிகமானாலும் இதே நிலைதான். எது காரணமென்று அந்த அலைவடிவத்தை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது கடினம். அத்தகைய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பிறகு ஒலியலையால் அளக்கும் படகை அனுப்புவார்கள்.