சம்பல் வரும்வரை காத்திருக்கும் யமுனை

புது தில்லி: சரோஜினி நகர் சந்தையில் துணி வாங்கத் திரளும் கூட்டத்துக்கும், அங்குள்ள விநாயகர் கோயிலுக்கு வரும் தமிழர்களுக்கும் யமுனை தொலைவில் கிழக்கே ஓடும் ஆறு. ஆனால், இப்பகுதியின் மழைநீரும் அதனுடன் கலக்கும் கழிவும் குஷக், பாராபுல்லா ஓடைகள் வழியாகச் சென்று விழுவது அதே யமுனையில்தான். பாராபுல்லாவின் மீது ஜஹாங்கீர் காலத்தில் கற்பாலம் கட்டியபோது, கீழே ஓடியது சாக்கடையல்ல. இன்று அப்பெயரைச் சொன்னால் தலைநகரவாசிகளுக்கு மேம்பாலச் சாலைதான் நினைவுக்கு வருகிறது.

உத்தரகண்டின் யமுனோத்ரியில் தோன்றி, பிரயாக்ராஜில் கங்கையுடன் கலக்கும் யமுனையின் நீளம் 1,376 கி.மீ. மலையிலிருந்து இறங்கிய சிறிது தூரத்திலேயே, ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் மேற்கு, கிழக்கு யமுனைக் கால்வாய்கள் நீரைப் பிரித்துக்கொள்கின்றன. கோடையில் அதற்குக் கீழே எஞ்சுவது சொற்பமே.

தில்லியில் வஜீராபாத், ஓக்லா தடுப்பணைகளுக்கு இடைப்பட்ட தொலைவு 22 கி.மீ. இது ஆற்றின் மொத்த நீளத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மாசிலோ முக்கால் பங்கு இங்கு சேர்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வஜீராபாதைத் தாண்டியதும் வந்து விழும் நஜஃப்கர் கால்வாய், ஒரு காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த சாஹிபி ஆறு.

மதுரா, பிருந்தாவனம், ஆக்ரா ஆகிய நகரங்களுக்கு இந்த நீரே போய்ச் சேருகிறது. தாஜ்மகாலை ஒட்டி யமுனை ஓடியும், ஆக்ராவுக்குக் குடிநீர் தர சுமார் 130 கி.மீ. நீளக் குழாயில் கங்கை நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அத்திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. எட்டாவா மாவட்டத்தில் சம்பல் கலந்த பின்னரே யமுனை மீண்டும் ஆறாகிறது. அடுத்து ஹமீர்பூர் அருகே பேத்வாவும், பின்னர் கென் ஆறும் சேருகின்றன. கோடையில் திரிவேணியில் நீராடுவோரின் கையில் அள்ளப்படும் யமுனை நீர் பெரிதும் இம்மூன்றும் தந்ததே.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். 2023 ஜூலையில் தில்லியில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-ஆம் ஆண்டின் 207.49 மீட்டரைக் கடந்தது. செங்கோட்டைச் சுவர் வரை வெள்ளம் வந்தது.

நாடாளுமன்றத்தில் யமுனை பற்றிய கேள்வி எழாத கூட்டத்தொடர் அரிது. பதில்களில் 1993-இல் ஜப்பான் நிதியுதவியுடன் தொடங்கிய யமுனை செயல்திட்டம் முதல், சுத்திகரிப்பு நிலையங்களின் கணக்கே மிகுதி. ஆனால், நீரோட்டமே இல்லாத ஆற்றைச் சுத்திகரிப்பு மட்டும் மீட்டுவிடாது. நீர்ப் பங்கீட்டை வகுத்தது, 1994 மே மாதம் ஐந்து மாநிலங்கள் செய்த உடன்பாடு. ஆற்றுக்கென விநாடிக்கு 10 கன மீட்டர் நீரை ஆண்டு முழுவதும் விட வேண்டும் என்பதும் அதில் உண்டு. மேலே அணைகள் எழ எழ அது நிறைவேறும் என்பது ஏற்பாடு. அந்த அணைகளில் ஒன்றான லக்வாருக்கு ஆறு மாநில முதல்வர்கள் கையெழுத்திட்டதே 2018 ஆகஸ்டில்தான்.

2025-க்குப் பிறகு, எந்தவொரு மாநிலம் கோரினாலும் பங்கீட்டை மறுபரிசீலனை செய்யலாம் என அந்த உடன்பாட்டிலேயே எழுதப்பட்டுள்ளது.