பாட்டியின் விரலை இயந்திரம் ஏன் ஏற்கவில்லை?

மாணவர்களே, தாத்தாவுக்கோ பாட்டிக்கோ துணையாக வங்கிக்குப் போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். முகப்பில் இருப்பவர் அடையாள அட்டையை வாங்கி ஒரு சிறிய கருவியில் செருகுவார். "இபு ஜாரி" என்று சொல்லிக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் காட்டுவார். பாட்டி கட்டை விரலை வைப்பார். பொருந்தவில்லை என்று வரும். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். மறுபடியும் அதே பதில்தான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பாட்டி ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போலக் கூனிக் குறுகி நிற்பார்.

சுங்கை ரம்பாய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறையினர் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி கேட்கும் கதை. அட்டையில் இருப்பது பாட்டியின் படம், பாட்டியின் பெயர். எதிரில் நிற்பதும் பாட்டிதான். பிறகு ஏன் இயந்திரம் மறுக்கிறது?

அட்டையிலிருந்தே தொடங்குவோம். நம் கையில் இருக்கும் மைகார்டு 2001 செப்டம்பர் 5ஆம் தேதி அறிமுகமானது. அதில் தங்க நிறத்தில் சதுரமாகத் தெரிவது சில்லு அல்ல. அது மின்தொடர்புத் தகடு. சில்லு அதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சில்லுக்குச் சொந்தமாக மின்கலம் கிடையாது. கருவியில் செருகும்போது தகட்டின் வழியே மின்சாரம் பாய்கிறது. அந்த நொடியில் அது ஒரு குட்டிக் கணினியாக விழித்துக்கொள்கிறது. வெளியே எடுத்ததும் மீண்டும் உறங்கிவிடும். ஆனாலும் அதன் நினைவகத்தில் பதிந்தவை அழிவதில்லை.

முதலில் வந்த அட்டைகளின் நினைவகம் 32 கிலோபைட், அடுத்து வந்தவற்றில் 64 கிலோபைட். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. பெயர், முகவரி, முகப்படம், இரண்டு கட்டை விரல்களின் விவரம் என எல்லாவற்றையும் இந்தச் சிறிய இடத்தில்தான் அடக்க வேண்டும். அதனால் விரல் ரேகை முழுப் படமாக வைக்கப்படுவதில்லை, புள்ளிகளின் பட்டியலாக வைக்கப்படுகிறது.

என்ன புள்ளிகள்? உங்கள் கட்டை விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரப்புகள் போல மேடுகள் வளைந்து ஓடுகின்றன. சில மேடுகள் திடீரென முடிந்துவிடும். சில, ஆற்றின் கிளை போல இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முடிவும் ஒவ்வொரு பிரிவும் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதை எண்களாகக் குறித்துக்கொண்டால் போதும். இந்த மேடுகள் தாயின் வயிற்றில் ஏறத்தாழ 10ஆவது வாரத்தில் உருவாகத் தொடங்குகின்றன. குழந்தை பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வடிவம் முடிவாகிவிடும். மரபணு மட்டும் அதை முடிவு செய்வதில்லை. கருப்பையில் விரல் எப்படி இருந்தது, எப்படி அழுத்தப்பட்டது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் ஒரே மாதிரி இருக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறுபடுகிறது.

இனி அந்தக் கண்ணாடித் துண்டு. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடிக் குவளையில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, விரல்களால் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து சாய்வாகத் தண்ணீருக்குள் பாருங்கள். குவளையின் பக்கச் சுவர் வெள்ளிபோல மின்னும், விரல்கள் தெரியாது. இப்போது விரல்களைச் சற்று ஈரமாக்கி நன்றாக அழுத்துங்கள். வெள்ளிச் சுவரில் உங்கள் ரேகை மட்டும் தனியாகத் தெரியும்!

இயற்பியல் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்புதான் இது. கண்ணாடிக்குள் வரும் ஒளி, வெளியே காற்று இருக்கும் இடத்தில், ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிச் சாய்வாக மோதினால் வெளியேறாமல் முழுவதுமாகத் திரும்பிவிடும். தோல் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் அப்படித் திரும்பாது. ஆகவே மேடுகள் இருளாகவும் பள்ளங்கள் வெளிச்சமாகவும் தெரிகின்றன. ஒளியால் படிக்கும் ரேகைக் கருவிகள் இந்த விதியை வைத்தே வேலை செய்கின்றன.

கவனித்தீர்களா? ஈரம் இல்லாமல் உங்கள் சோதனையே சரியாக வரவில்லை. மேடுகளின் உச்சியில் இருக்கும் வியர்வைத் துளைகள்தான் பொதுவாக அந்த ஈரத்தைத் தருகின்றன. வயதாக ஆகத் தோல் வறண்டு போகிறது, மேடுகளும் தட்டையாகின்றன. போதாக்குறைக்கு, விடியலுக்கு முன்பே எழுந்து பல ஆண்டுகள் வெட்டுக்கத்தி பிடித்த கை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் பட்ட கை. தேய்ந்து, வெடித்து, காய்ப்புக் காய்த்த விரலைக் கண்ணாடியில் வைத்தால் கோடுகள் துண்டு துண்டாகத்தான் விழும். முடிவே இல்லாத இடத்தில் கருவி ஒரு முடிவைக் காணும். உண்மையான பிரிவைத் தவறவிடும். பட்டியலோடு ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்?

செம்பனை வேலை, சிமெண்டு வேலை, ஓயாமல் பாத்திரம் கழுவும் வேலை எல்லாவற்றிலும் இது நேர்கிறது. மருந்தாலும் நேரலாம். புற்றுநோய்க்காக ஒரு மாத்திரையை உட்கொண்டுவந்த 62 வயது சிங்கப்பூர்க்காரர் ஒருவர், விரல் ரேகை மறைந்துபோனதால் அமெரிக்க விமான நிலையத்தில் சில மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டார். அவருடைய மருத்துவர் இதை 2009ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் விரலே ஆனாலும், இன்று வைத்த பதிவும் நாளை வைக்கும் பதிவும் அச்சாக ஒன்றாக இரா. அழுத்தம் மாறும், தோல் இழுபடும். அதனால் கருவி "ஒன்றேதானா?" என்று பார்ப்பதில்லை, "எவ்வளவு ஒத்திருக்கிறது?" என்று மதிப்பெண் போடுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணைக் கூட்டினால் ஏமாற்றுக்காரர்கள் மாட்டுவார்கள், ஆனால் பாட்டி போன்றவர்களும் தோல்வி அடைவார்கள். குறைத்தால் பாட்டி தேறிவிடுவார், வேறொருவரும் அவர் பெயரில் நுழைந்துவிடலாம். இரண்டு தவறையும் ஒருசேர இல்லாமலாக்கும் எல்லைக்கோடு கிடையாது. ஆகவே இயந்திரத்தின் மறுப்பை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது அறிவியலுக்கும் ஒவ்வாது என்பது என் கருத்து.

அடுத்த முறை பாட்டியோடு போகும்போது, முதலில் அவர் கையைக் கழுவித் துடைத்துச் சற்றே ஈரப்பதம் தரும் கிரீம் தடவிவிடுங்கள். கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். மற்றக் கட்டை விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அட்டையில் இரண்டு விரல்களும் இருக்கின்றன. அதற்கும் பொருந்தாவிட்டால் படத்தையும் மற்ற விவரங்களையும் வைத்துச் சரிபார்க்க முடியுமா என்று அதிகாரியிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

இப்போது உங்கள் அட்டைக்கு வருவோம். 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். மலாக்காவுக்கு 04, ஜொகூருக்கு 01. சுங்கை ரம்பாயில் வளர்ந்த உங்கள் வகுப்புத் தோழர் சிலருக்கு 01 என்று இருந்தால் வியக்காதீர்கள். கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர். மூவார் மருத்துவமனையில் பிறந்திருப்பார்கள். குடியிருக்கும் ஊரை அல்ல, பிறந்த இடத்தையே எண் சொல்கிறது. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆதலால் இந்த எண்ணை ஊரறியப் பகிர்ந்தால் உங்கள் பிறந்தநாளையும் சேர்த்தே பகிர்கிறீர்கள்.

அட்டை எடுக்கும் வயது ஏன் 12? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆங்கில அரசு ஆணையிட்டது. படமும் கட்டை விரல் பதிவும் கொண்ட காகித அட்டை அது. காட்டில் இருந்த போராளிகள் தோட்டத் தொழிலாளரிடம் அதைப் பறித்துக் கிழித்ததுண்டு. அட்டை இல்லாதவரை மறுபுறம் படையினர் சந்தேகப்பட்டனர். அந்தக் காகிதத்தைப் பல மடிப்புத் துணியில் சுற்றி வைத்திருந்த பூட்டன்மார் சும்மா அப்படிச் செய்யவில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி ஓர் அட்டை இருப்பதில்லை. அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டையே கிடையாது. மாநிலங்கள் தரும் லைசென்ஸ்தான் அங்கே அடையாளம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒவ்வொரு மாநிலமும் ஒரே தரத்தில் ஆவணங்களைச் சரிபார்த்து லைசென்ஸ் தர வேண்டும் என்று 2005இல் சட்டம் வந்தது. பலமுறை தள்ளிப்போய், 2025 மே 7ஆம் தேதிதான் விமான நிலையங்களில் அமலுக்கு வந்தது. நம் மைகார்டு அந்தத் தாக்குதலுக்கு ஆறு நாள் முன்பே வந்துவிட்டது!

ஆனால் அங்கும் இங்கும் ஒரே நிலைதான்: அட்டை எவ்வளவு நவீனமானாலும் அதற்கு அடியில் ஒரு காகிதம் இருக்கிறது. அதுதான் பிறப்புப் பத்திரம். 12 வயது நிறைந்த 30 நாளுக்குள், ஜே.பி.என். எனப்படும் தேசியப் பதிவு இலாகாவின் ஏதாவது ஒரு கிளைக்கு, பெற்றோர் ஒருவருடன் நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். அசல் பிறப்புப் பத்திரமும் மைகிட்டும் தேவை. 18 வயதானதும் புதிய படத்துடன் அட்டையை மாற்ற வேண்டும். எஸ்.பி.எம். தேர்வு, வங்கிக் கணக்கு, 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், 17இல் கார் லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் வாசல்.

சிலருக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திப் பதியாமல் விட்டால், பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தந்தையை வைத்து அல்ல, தாயை வைத்தே பார்க்கப்படும். தாய் குடியுரிமை இல்லாதவர் என்றால், தந்தை நீல அட்டை வைத்திருந்தாலும் பிள்ளைக்குச் சிக்கல் வரலாம். அந்தப் பிள்ளை செய்த பிழை ஒன்றுமில்லை.

இன்று மாலை அம்மாவிடம் கேட்டு உங்கள் பிறப்புப் பத்திரத்தையும், தம்பி தங்கையருடையதையும் எடுத்துப் பாருங்கள். பெயரின் எழுத்துகள் பெற்றோர் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா? தந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதா? குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஐயம் இருந்தால் தம்பிக்கு 12 வயதாகும்வரை காத்திருக்காமல், இந்தப் பள்ளி விடுமுறையிலேயே பெற்றோருடன் பதிவு இலாகாவுக்குப் போய்வாருங்கள்.