பாலூட்டும் அன்னையின் உணவு யார் பொறுப்பு?

பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்ணுக்கு நம் இல்லங்களில் இரு விதமான கவனிப்பு நடக்கிறது. பூண்டுக் குழம்பும், நாட்டுக்கோழிச் சாறும், பிரசவ லேகியமும் கொடுத்துப் போற்றுவது ஒன்று. 'குளிர்ச்சி' என்று கீரையையும், 'பிள்ளைக்கு மாந்தம்' என்று பருப்பையும், 'சளி பிடிக்கும்' என்று பழத்தையும், 'வயிறு பெருக்கும்' என்று தண்ணீரையும் நிறுத்திவிடுவது மற்றொன்று. பல வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெண்ணுக்கு நடக்கின்றன. முதலாவது நாற்பது நாளில் ஓய்ந்துவிடும். இரண்டாவது மாதக்கணக்கில் தொடரும்.

மணலியில் மதரஸாவுக்கு மூத்த பிள்ளையைக் கொண்டுவந்து விடும் இளம் தாய்மார்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று, "பால் போதவில்லையோ என்று பயமாக இருக்கிறது" என்பார்கள். "காலையில் என்ன சாப்பிட்டாய் அம்மா?" என்று கேட்டால், பெரும்பாலும் டீயும் ரொட்டியும்தான் பதில். ஆலையில் ஷிப்டு முடிந்து வரும் கணவருக்கும், மாமனாருக்கும், பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சியதே அவளுடைய பங்கு.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனத்தை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு அதன் காலம் இரண்டு முழு ஆண்டுகள் என்பது அதன் முற்பகுதி. அத்தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பது பிள்ளையின் தந்தை மீது கடமை என்பது அதைத் தொடர்ந்து வருவது. முன்னதை மேடையில் சொல்கிறோம். பின்னதை அடுப்பங்கரையில் மறந்துவிடுகிறோம். இவ்வசனம் தலாக் பற்றிய சட்டங்களுக்கு நடுவே அமைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. பிரிந்து போனவளுக்கே இவ்வுரிமை உண்டென்றால், உடன் வாழ்பவளின் உரிமையைச் சொல்லவும் வேண்டுமோ?

பால் எங்கிருந்து வருகிறது என்பதை மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். சேலத்தில் 1918இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது ஏழைத் தாய்மார்களின் பாலூட்டலை ஆராய்ந்து 1958இல் எழுதினார். வறிய உணவையே உண்ட அப்பெண்கள் நீண்ட காலம் தம் பிள்ளைகளுக்குப் பாலூட்டி வந்தனர். இதைக் கேட்டு, 'அப்படியானால் தாய் எதை உண்டால் என்ன?' என்று எண்ணிவிடலாகாது. உண்பதில் கிடைக்காததைத் தாயின் உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. பாலின் சுண்ணாம்புச் சத்துக்காக அவள் எலும்பே கரைகிறது. 

சில சத்துகள் தாயிடம் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். அன்றைய சென்னை மாகாணத்தின் வட கடலோர மாவட்டங்களில் இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசியையே உண்ட தாய்மார்களின் கைக்குழந்தைகள் 'பெரிபெரி' நோயால் மாண்டதை அய்க்ராய்டு, கிருஷ்ணன் ஆகியோர் 1941இல் ஆராய்ந்து எழுதினர். தவிட்டோடு பி1 உயிர்ச்சத்து போய்விட்டதே காரணம். நம் பக்கத்துப் புழுங்கல் அரிசியில் அச்சத்து தங்கிவிடுகிறது. பச்சை உடம்புக்காரிக்குப் பருப்பில்லாமல் வெறும் சோறும் ரசமும் கொடுப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் ஆறு மாதங்களில் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. இது பெரிய விருந்தன்று. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஏறத்தாழ அவ்வளவுதான். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சுண்ணாம்புச் சத்தை வாரி வழங்குபவை. கீரை உண்டவுடன் டீ குடித்தால் அதன் இரும்புச்சத்து உடலில் சேராது. சற்று எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். தாகத்துக்குத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பாலைப் பெருக்குவது தண்ணீருமன்று, பூண்டுமன்று. பிள்ளை அடிக்கடி வாய் வைத்துக் குடிப்பதே.

மீனைப் பற்றி நம் பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது நெடுநாள் நம்பிக்கை. புரதம் மிக்க உணவுதான். எனினும் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களின் உடலில் பாதரசம் சேர்வதால் அடிக்கடி உண்ணத் தகாது. காசிமேட்டுக்கு வரும் நெத்திலி, காரப்பொடி, மத்தி ஆகியவை விலையும் மலிவு, சத்தும் மிகுதி. முள்ளோடு உண்ணும் நெத்திலி எலும்புக்கு உரம். எண்ணூர் கழிமுகத்து மட்டி, சிப்பி வகைகளைப் பாலூட்டுவோர் தவிர்ப்பதே நன்று. ஆலைக் கழிவும் சாம்பலும் நெடுங்காலமாகச் சேர்ந்த இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதையும் கண்ணாரக் கண்டோம். நீரை வடிகட்டி உண்ணும் உயிரினங்களில் அந்நச்சுகள் தங்கிவிடும்.

இனி ரமலான். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சும் பாலூட்டும் தாய்க்கு நோன்பை விட மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் பின்னர் களா செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில், பிள்ளைக்காக மட்டுமே அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. சலுகை இருந்தும், 'அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்' என்றெண்ணி மயங்கி விழும்வரை நோன்பு நோற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை அப்படி எண்ண வைப்பது அக்கம்பக்கத்தாராகிய நாம்தான்! அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், கைமா சேர்ந்த நோன்புக் கஞ்சியோ பிள்ளை பெற்றவளுக்கு மிகப் பொருத்தமான உணவு. அதை ரமலான் மாதத்துக்கு மட்டும் ஒதுக்கிவைப்பானேன்?

அங்கன்வாடியில் கருவுற்ற பெண்களுக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை பாலூட்டுவோருக்கும் சத்துமாவு இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கி வருவதோடு நின்றுவிடாமல், அந்தப் பொட்டலத்தை மூத்த பிள்ளைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். மாலையில் கணவரே அதில் இரண்டு உருண்டை பிடித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தம் டீயைக் கேட்கட்டும்.