குளிரில் குறையும் கிலோமீட்டர்



நம்மில் பலருடைய பிள்ளைகள் கனடா, அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே 'பிளக்-இன் ஹைப்ரிட்' கார் வாங்குவோர் உண்டு. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு முதலில் பேட்டரியில் ஓடும். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் கைகொடுக்கும். கோடையில் 60 கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடிய வண்டி, ஜனவரியில் 40 கிலோமீட்டர் கூட ஓடாமல் பெட்ரோலுக்கு மாறினால், பேட்டரி கெட்டுவிட்டதோ, ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகம் எழுவது இயற்கை. இரண்டும் இல்லை. இதில் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது.

பேட்டரிக்குள் நடப்பது

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதும், தோசை மாவு புளிக்கத் தாமதமாவதும் நமக்குத் தெரியும். பேட்டரியும் ரசாயன மாற்றத்தால் வேலை செய்வதுதான். குளிரில் உள்ளிருக்கும் திரவம் கெட்டிப்பட்டு மாற்றம் மந்தமாகிறது. இருப்பில் உள்ள மின்சாரம் முழுவதும் கைக்கு வருவதில்லை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே வேகமாக சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குக் கேடு என்பதால், பிரேக் போடும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தையும் வண்டியே குறைத்துக்கொள்கிறது. வெயில் காலம் வந்தால் இந்த இழப்பு சரியாகிவிடும்.

பெரிய செலவு ஹீட்டர்

பெட்ரோல் காரில் இன்ஜின் சூடு எப்படியும் வீணாகப் போவது. அதைத் திருப்பிவிட்டு உள்ளே இருப்போர் குளிர் காய்கிறார்கள், தனிச்செலவு இல்லை. மின்சாரத்தில் ஓடும்போது அந்த இலவசச் சூடு கிடையாது. பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும்.

அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 5 மின்சாரக் கார்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. மைனஸ் 7 டிகிரி அளவுக் குளிரில், ஹீட்டர் போடாமல் ஓட்டினால் தூரம் சராசரியாக 12 சதவீதம்தான் குறைந்தது. ஹீட்டர் போட்டதும் இழப்பு 41 சதவீதமாகியது.

பிளக்-இன் காருக்கு இதில் கூடுதல் பாதிப்பு உண்டு. உறைந்து கிடக்கும் வண்டியை முதலில் சூடாக்க 2 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 யூனிட் பேட்டரி உள்ள முழு மின்சாரக் காருக்கு அது முப்பதில் ஒரு பங்கு. 10 யூனிட் மட்டுமே உள்ள பிளக்-இன் காருக்கு ஐந்தில் ஒரு பங்கு. சின்னக் கடைக்காரர் பெரிய கடையின் வாடகையைக் கொடுப்பது போலத்தான். நிறுத்தி நிறுத்திப் பலமுறை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் இந்தச் செலவு உண்டு.

சில வண்டிகளில் கடுங்குளிரானால் பேட்டரியில் இருப்பு இருந்தாலும் இன்ஜின் தானாகவே ஓடும். 2019இல் தயாரிப்பு நின்றுபோன செவர்லே வோல்ட் அப்படிப்பட்டது. அது கோளாறு அல்ல. சூடு உண்டாக்கும் ஏற்பாடு.

இவை தவிர, குளிர்ந்த காற்று அடர்த்தியானது. வண்டியை அதிகம் தடுக்கும். டயரில் காற்றழுத்தம் இறங்கும். பனி படிந்த சாலையும் இழுக்கும்.

செய்ய வேண்டியவை

1. புறப்படுமுன், சார்ஜ் வயர் மாட்டியிருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு வீட்டு மின்சாரத்தில் போகும். பேட்டரி இருப்பு தப்பும்.

2. வண்டி முழுவதையும் சூடாக்குவதைவிட, இருக்கையை மட்டும் சூடாக்கும் வசதி இருந்தால் செலவு மிகக் குறைவு.

3. கூரையுள்ள இடத்தில் நிறுத்துவதும், டயர் காற்றை அடிக்கடி பார்ப்பதும் நல்லது.

4. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் 'ஹீட் பம்ப்' உள்ளதா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். ஏ.சி.யைத் திருப்பி ஓட்டுவது போன்ற ஏற்பாடு அது. மிதமான குளிரில் மின்சாரத்தை நன்கு மிச்சப்படுத்தும்.

வாங்குமுன் போடும் கணக்கு

தினமும் போய்வர 40 கிலோமீட்டர் என்றால், 40 கிலோமீட்டர் ஓடும் என்று எழுதியிருக்கும் வண்டி குளிர் காலத்துக்குப் போதாது. 41 சதவீதம் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் வண்டி வேண்டும். அதற்குக் குறைந்தாலும் நடுவழியில் நிற்காது, பெட்ரோல் இருக்கிறது. ஆனால் மிச்சமாகும் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்த பணம் திரும்பிவரக் காலம் பிடிக்கும்.

சரக்குப் பிடிக்கும்போது காய்ந்த எடையா, ஈர எடையா என்று கேட்டுத்தானே விலை பேசுகிறோம்? காருக்கும் கோடைக் கிலோமீட்டரா, குளிர்காலக் கிலோமீட்டரா என்று கேட்டு வாங்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.