பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா

பரம்பரையாக வரும் துப்பாக்கிக்குத் தோட்டா வாங்குமுன் உரிமம் வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் என்றால், வாரிசு உரிமத்துக்கு அந்த மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது துப்பாக்கியின் வயதும் வலிமையும். பழைய பன்னிரண்டு போர் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல்களில் பல இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் திருப்பினால், தோட்டா நுழையும் முனைக்கு அடியில் உள்ள தட்டையான பரப்பில் சிறு முத்திரைகள் தெரியும். லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில், வழக்கத்தைவிட அதிக மருந்தை வெடித்து குழலைச் சோதித்ததற்கான அடையாளங்கள் அவை. ‘நைட்ரோ புரூஃப்’ என்று பொறித்திருந்தால் புகையில்லா மருந்தைத் தாங்குமா எனச் சோதிக்கப்பட்ட குழல். அந்த முத்திரை இல்லாத குழல் கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டதாக இருக்கலாம். அதில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழலில் ஒட்டுகளுக்குள் துரு மறைந்திருக்கும் என்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

மூன்றாவது, தோட்டாவின் நீளம். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மில்லிமீட்டர். இன்று பரவலாக விற்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். பெட்டியில் அச்சிடும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். வாய் மடித்த 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் சிரமமின்றிப் போய்விடும். சுட்டதும் மடிப்பு விரிந்து, குழல் குறுகும் இடத்தை நெருக்கும், அழுத்தம் எகிறும். ஆகவே தோட்டா உள்ளே போனதாலேயே அது பொருத்தமானது ஆகிவிடாது.

கடையில் எல்.ஜி., எஸ்.ஜி., நாலாம் நம்பர் என்று கேட்டு வாங்குவது வழக்கம். அவை ரவையின் பருமனைச் சொல்பவை. பாதுகாப்புக்கு அவை போதா. புனேயின் கட்கி தொழிற்சாலைத் தோட்டாவானாலும் வெளிநாட்டுத் தோட்டாவானாலும், பெட்டியில் நீளத்தையும் ரவையின் எடையையும் படித்தே வாங்க வேண்டும். உதை குறைவான தோட்டாவில் அழுத்தமும் குறைவு என்பதில்லை. பழைய குழலுக்கு ஈய ரவையே ஏற்றது. கடினமான எஃகு ரவை குழல் முனையைப் புடைக்கச் செய்யும்.

இருபது போர் தோட்டாவைப் பன்னிரண்டு போர் தோட்டாவோடு கலந்து வைக்கவே கூடாது. பன்னிரண்டு போர் குழலில் தவறிப் போட்டால், பருமனில் சிறிய இருபது போர் தோட்டா வழுக்கிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று எண்ணி அதன் பின்னால் பன்னிரண்டு போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை சிதறும். கடலோர ஈரக்காற்றில் ஊறிப் பருத்த காகிதத் தோட்டாக்களும் பித்தளை அடியில் பச்சை பூத்தவையும் சுடத் தகாதவை. அவற்றையும் காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

முத்திரை தேய்ந்திருந்தால், குழலில் பள்ளமோ புடைப்போ இருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் அறையின் நீளத்தையும் குழல் சுவரின் கனத்தையும் அளந்து சொல்லும்வரை ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. தகுதியற்றது என்று அவர் சொன்னால், அந்தத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பான தோட்டா என்று எதுவும் இல்லை.