நள்ளிரவில் நனையும் துணி

இரவு மணி இரண்டு. ஊர் அடங்கிவிட்டது. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

"வீல்" என்று ஒரு சத்தம்!

தாய் திடுக்கிட்டு எழுகிறாள். பிறந்து எட்டே நாள் ஆன பச்சைக் குழந்தை. பசியா? வயிற்று வலியா? எறும்பு கடித்துவிட்டதா? அடியில் கையை வைத்துப் பார்க்கிறாள். துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது.

துணியை மாற்றுகிறாள். பால் கொடுக்கிறாள். குழந்தை தூங்குகிறது. அவளும் கண்ணை மூடுகிறாள். மணி நான்கு. மறுபடியும் "வீல்!"

குழந்தை பிறந்த எல்லா வீட்டிலும் நடக்கும் கதை இது. "எப்போதுதான் விடியுமோ?" என்று அலுத்துக்கொள்ளாத தாய் இல்லை.

ஆனால், அந்த ஈரத்துணியை அலட்சியமாக மூலையில் எறிந்துவிடக் கூடாது. பேசத் தெரியாத குழந்தை தாய்க்கு எழுதும் கடிதம் அது! அதைப் படிக்கத் தெரிந்தால், குழந்தைக்குப் பால் போதுமா என்று அறியலாம். சில சமயம், குழந்தையின் உயிரையே காப்பாற்றலாம்.

இரவு எது? பகல் எது?

பெரியவர்கள் தூங்கும்போது உடலில் சிறுநீர் ஊறுவது குறைந்துவிடும். அதனால்தான் விடியும் வரை தூங்க முடிகிறது.

பச்சைக் குழந்தைக்கு இரவு, பகல் என்ற வித்தியாசமே தெரியாது. அதன் வயிறு மிகச் சிறியது. இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை பால் கேட்கும். குடித்த பால் சிறுநீராக வந்துகொண்டே இருக்கும். அடக்கி வைக்கும் சக்தியும் அதற்கு இல்லை. இரண்டு, மூன்று மாதம் ஆன பிறகுதான், "இது இரவு" என்று அதன் உடம்புக்குப் புரியத் தொடங்கும்.

ஆகவே, குழந்தை பிடிவாதம் செய்கிறது என்று எண்ண வேண்டாம். அதன் உடம்பு அப்படி!

எண்ணிப் பாருங்கள்

"உனக்குப் பாலே இல்லை. புட்டிப்பால் கொடு" என்று சொல்ல, எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். புதுத் தாய் கலங்கிப் போவாள்.

கலங்க வேண்டியதில்லை. நனைந்த துணியை எண்ணிப் பார்த்தால் போதும்.

முதல் நாள் ஒரு துணியாவது நனைய வேண்டும். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் மூன்று. ஐந்து, ஆறு நாள் ஆன பிறகு, இரவும் பகலும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 துணிக்குக் குறையாமல் நனைய வேண்டும். அப்படி நனைந்தால், பொதுவாகப் பால் போதுமானது என்று அர்த்தம். அதற்குக் குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிறந்து ஒரு நாள் முழுவதும் சிறுநீரோ மலமோ போகவில்லை என்றாலும் உடனே சொல்ல வேண்டும்.

தூக்கக் கலக்கத்தில் எண்ணிக்கை மறந்து போகும். அதற்கு ஒரு வழி உண்டு. சுவரில் தொங்கும் காலண்டரில், துணி மாற்றும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுவிடலாம்.

நிறம் சொல்லும் சேதி

குழந்தை முதலில் போகும் மலம் தார் போலக் கறுப்பாக இருக்கும். துடைத்தால் லேசில் போகாது. சிறிது தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். மூன்று, நான்கு நாளில் பச்சையாக மாறும். ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் இளகித்தான் போகும். அது வயிற்றுப்போக்கு அல்ல.

முதல் இரண்டு, மூன்று நாளில் துணியில் செங்கல் நிறத்தில் கறை படுவது உண்டு. பெரும்பாலும் அது ரத்தம் அல்ல. சிறுநீரில் இருக்கும் உப்பு. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் இருந்தால், பால் போதவில்லை என்று கொள்ளலாம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சிறிது ரத்தக் கசிவு தெரியலாம். தாயின் உடலில் இருந்து வந்த சுரப்பு நீர்கள் குறைவதால் ஏற்படுவது அது. சில நாளில் நின்றுவிடும்.

பயப்பட வேண்டிய நிறம் ஒன்று உண்டு. அது வெள்ளை!

மலம் சுண்ணாம்பு போலவோ, வெளுத்த களிமண் போலவோ இருந்தால், பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள். சில குழந்தைகளுக்குப் பித்தநீர்க் குழாய் அடைபட்டிருக்கும். பார்ப்பதற்குக் குழந்தை கொழுகொழு என்றே இருக்கும். ஆனால் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகத் துணியில் கறை பிடிக்கும். கண்ணில் மஞ்சள் இரண்டு வாரம் ஆகியும் போகாது.

இதற்கு ஆபரேஷன் உண்டு. ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் 1950-களில் கண்டுபிடித்த முறை அது. குழந்தை பிறந்து இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும்.

தைவான் நாட்டில் இதற்கு ஓர் எளிய வழி செய்தார்கள். மலத்தின் நிறங்களை வரிசையாக அச்சிட்ட அட்டை ஒன்றைத் தாய்மார்களுக்குக் கொடுத்தார்கள். 2002-ல் சில இடங்களில் தொடங்கி, 2004-ல் நாடு முழுவதும் வந்துவிட்டது. துணியையும் அட்டையையும் தாயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, காலத்தோடு ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகள் அதிகமானார்கள். ஜப்பானும் 2012-ல் இந்த அட்டையைத் தாய்–சேய் நலப் புத்தகத்தில் சேர்த்துவிட்டது.

இரவு விளக்கில் நிறம் சரியாகத் தெரியாது. சந்தேகம் வந்தால், அந்தத் துணியைத் தனியே வைத்திருந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இரவில் எப்படி மாற்றுவது?

படுக்கப் போகும் முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மடித்த துணிகள், பஞ்சு, பிளாஸ்கில் வெந்நீர், அதை விளாவக் குளிர்ந்த நீர், அழுக்குத் துணி போட வாளி. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கட்டிலில் குழந்தையை விட்டுவிட்டு, துணி எடுக்க ஒரு நொடிகூடப் போகக் கூடாது.

பெரிய விளக்கைப் போட வேண்டாம். சிறு விளக்கே போதும். கொஞ்சலும் பேச்சும் பகலோடு இருக்கட்டும். இரவு என்றால் இருட்டு, அமைதி என்று குழந்தை மெல்லப் பழகிக்கொள்ளும்.

பல குழந்தைகள் பால் குடிக்கும்போதே மலம் போய்விடும். ஆகவே, ஒரு பக்கம் பால் கொடுத்த பிறகு துணியை மாற்றி, மறு பக்கம் கொடுத்தால் குழந்தை அப்படியே தூங்கிவிடும். தூங்கியதும் மல்லாக்கப் படுக்க வைப்பதே நல்லது.

பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மலத்தில் உள்ள கிருமி சிறுநீர்ப் பாதையில் போகாமல் இருக்க இதுவே வழி. துடைத்த பிறகு, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தொப்புள்கொடி விழும் வரை துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்ட வேண்டும். கொடியின் மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம். உலராமல் சீழ் பிடிக்க அவை இடம் கொடுக்கும்.

பவுடரும் வேண்டாம். அதன் தூள் மூச்சுக்குள் போய்விடும். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும்.

எழுப்பலாமா?

"தூங்கும் குழந்தையை எழுப்பித் துணி மாற்ற வேண்டுமா?" என்று பலரும் கேட்கிறார்கள்.

மலம் போயிருந்தால் உடனே மாற்ற வேண்டும். மலமும் சிறுநீரும் சேர்ந்தால் தோல் வெந்து சிவந்துவிடும். பருத்தித் துணி நனைந்திருந்தாலும் மாற்ற வேண்டும். ஈரத்தில் உடம்பு சில்லிட்டுவிடும். பச்சைக் குழந்தைக்குக் குளிர் தாங்காது. கடையில் வாங்கும் டயாப்பர் கட்டியிருந்து, சிறுநீர் மட்டும் போயிருந்தால், அடுத்த தடவை பாலுக்கு எழும் வரை பொறுக்கலாம்.

அந்த டயாப்பருக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற ஒரு தாய், ஓயாமல் படுக்கை நனைவதைக் கண்டு சலித்துப் போனார். 1946-ல் குளியல் அறைத் திரையை வெட்டி, துணிக்கு மேல் போட ஓர் உறை தைத்தார். கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. அவரே தயாரித்து, 1949-ல் நியூயார்க் கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்தார். பிறகு, காகிதத்தில் செய்து, கட்டி எறியலாமே என்றார். அதையும் அப்போது யாரும் கேட்கவில்லை. 1961-ல் 'பாம்பர்ஸ்' வந்த பிறகு உலகமே அதைக் கட்டிக்கொண்டது!

டயாப்பர் கட்டினால் தாய்க்குத் தூக்கம் கிடைக்கும். ஆனால் காசு செலவு, குப்பையும் சேரும். பாட்டி கிழித்துத் தரும் பழைய வேட்டித் துணி இன்றும் மெத்தென்றுதான் இருக்கிறது. சோப்புப் போகும்படி நன்றாக அலசி, வெயிலில் காயப் போட்டால் போதும்.

அப்பா எங்கே?

பிரசவம் ஆன உடம்பு நொந்திருக்கும். தையல் வலி இருக்கும். ஓர் இரவில் நான்கு, ஐந்து தடவை அவளே எழ வேண்டுமா?

பால் கொடுக்கத் தாயால்தான் முடியும். துணி மாற்ற யாராலும் முடியும்! கணவர் எழுந்து துணியை மாற்றி, குழந்தையைத் தாயிடம் கொடுக்கலாம். தாய் வீட்டில் இருந்தால் பாட்டி செய்யலாம். "ஆம்பிளை செய்யற வேலையா இது?" என்று யாராவது கேட்டால், "என் பிள்ளைதானே!" என்று சொல்லிவிட்டு மாற்றட்டும்.

தூக்கம் கெட்டு, காரணம் இல்லாமல் அழுகை வந்து, இரண்டு வாரம் ஆகியும் தாயின் மனம் தெளியவில்லை என்றால், அது சோம்பலும் அல்ல, பேயும் அல்ல. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

விடிந்துவிட்டது. கொல்லைக் கொடியில் வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடுகின்றன. தாய் காலண்டரைப் பார்க்கிறாள். நேற்றைய தேதியில் ஏழு கோடுகள். அவற்றில் இரண்டு, அவள் தூங்கும்போது கணவர் போட்டவை.

தொட்டிலில் குழந்தை சுகமாகத் தூங்குகிறது.