மலைச்சாரல் மரங்களும் அவற்றின் பண்பும்

நிலத்தை ஐந்தாக வகுத்த பண்டைத் தமிழர் அவ்வைந்துக்கும் மரஞ்செடி கொடிகளின் பெயரையே இட்டனர். குறிஞ்சி ஒரு செடி; முல்லை ஒரு கொடி; நெய்தல் ஒரு நீர்ப்பூ; மருதமும் பாலையும் மரங்கள். ஆண்ட அரசனின் பெயரையோ ஓடும் ஆற்றின் பெயரையோ நிலத்துக்கு இடாமல், அதில் முளைத்து நிற்பதன் பெயரை அவர்கள் இட்டமைக்குக் காரணம் உண்டு. நிலத்தின் ஈரமும் வெப்பமும் உயரமும் ஆழமும் அங்கு வளரும் மரத்தின் உடலிலே எழுதப்பட்டிருக்கின்றன. ஆற்றங்கரை மருதைக் கண்டவன் அதற்கப்பால் வயல் இருத்தல் கூடும் என்று கேளாமலே அறிவான். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியதும் வெறுஞ் சொல்லடுக்கன்று. கண்ணாரக் கண்டு பழகிய ஒருவர் தம் மலைக்கு எடுத்த கணக்கு அது.

மரங்களுக்குக் குணமும் குறிப்பும் உண்டென்பதைப் புலவர் கற்பனை என்று ஒதுக்குவாரும் உளர். எம் கருத்து வேறு. மக்கள் ஒரு மரத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் பொருள், பெரும்பாலும் அம்மரம் வாழும் முறையிலிருந்தே பிறக்கிறது. வேங்கையை எடுத்துக்கொள்க. அதன் மஞ்சட் பூ கரும்பாறைமேல் உதிர்ந்து கிடக்கையிற் புலி படுத்திருப்பது போலத் தோன்றும். அதன் பட்டையைக் கீறினாலோ குருதி போன்ற செந்நீர் வடியும். குறவர் மகளை நாடிவந்த முருகன், நம்பிராசன் எதிர்ப்பட்டபோது வேங்கை மரமாகி நின்றான் என்று கந்தபுராணம் கூறுவது ஏன் என்பது இவ்விரண்டையும் நேரிற் கண்டார்க்கு எளிதில் விளங்கும். வேறெந்த மரமாக நின்றிருந்தாலும் கதை இத்துணைப் பொருந்தியிராது.

இந்நோக்கோடு சபரகமுவ மலைகளைச் சிறிது பார்ப்போம். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்த இம்மாகாணத்தின் ஓர் எல்லையிலே சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. களு கங்கை அம்மலைத் தொடரிலே பிறந்து இரத்தினபுரி வழியாகக் கடலை நோக்கி ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் நாடு இது. தெற்கே சிங்கராஜ வனம் இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களிற் பரந்து கிடக்கிறது. 1988-ஆம் ஆண்டு உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்ட அவ்வனத்து மரங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கையன்றி வேறெங்கும் இயல்பாக வளராதவை. தேயிலையும் இறப்பரும் வருமுன் இம்மலைச்சாரல்கள் யாவும் எப்படி இருந்தன என்று அறிய விரும்புவோர் அங்கே சென்று பார்த்தல் வேண்டும்.

அக்காட்டின் அரச குலம் என்று சொல்லத்தக்கது குங்கிலிய இனம். ஹொர என்று சிங்களத்தில் வழங்கும் மரம் அதிற் சேர்ந்தது. கிளையே விடாது தூண்போல் ஓங்கி, மற்றை மரங்களெல்லாம் நின்றுவிட்ட உயரத்துக்கும் மேலே சென்று முடி விரிப்பது அதன் இயல்பு. அதன் காய்க்கு இரண்டு சிறகுகள் உண்டு. காற்றிற் சுழன்று சுழன்று இறங்கும். சிறகு இருந்தும் அது நெடுந்தூரம் போவதில்லை. பெரும்பாலும் தாய்மரத்தின் சூழலிலேயே விழுந்து முளைக்கும். ஆதலின் ஒரு குன்றில் அம்மரங்கள் அனைத்தும் அழிந்துபோனால் அயற்குன்றிலிருந்து அவை தாமாக வந்து சேர்தல் அரிது. உயரத்திலும் வலிமையிலும் அரசனாயினும், குடிபெயரத் தெரியாத அரசன்.

அதே குலத்தைச் சேர்ந்த ஹல் மரம் இன்னும் சுவையானது. குங்கிலியக்கலய நாயனார் திருக்கடவூரிலே தாலியையும் விற்றுத் தூபமிட்ட வரலாறு நம்மவர் அறிந்ததே. அத்தூபத்துக்குரிய பிசினைத் தரும் மரங்களின் நெருங்கிய உறவு இது. இதன் அடிமரத்திலும் மணப்பிசின் கசியும். ஆனால் சபரகமுவக் கிராமத்தார் இதன் பிசினைவிடக் காயையும் பட்டையையுமே மதித்தனர். காயை இடித்து ஊறவைத்துக் கசப்பகற்றி மாவாக்கி உண்டனர். பட்டையைக் கித்துட் பதநீரில் இட்டனர். இட்டால் அது விரைவிற் புளிப்பதில்லை. ஒரு மரத்தின் இனிமையைக் கெடாது காப்பதற்கு மற்றொரு மரத்தின் துவர்ப்பு வேண்டியிருக்கிறது!

கித்துள் என்ற அந்தப் பனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதனைத் தமிழிற் கூந்தற்பனை என்பர். கூந்தல் அவிழ்ந்தாற்போலத் தொங்கும் பாளையைக் கண்டோர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். யாழ்ப்பாணத்துப் பனை ஆண்டுதோறும் பாளை விட்டு, மூன்று தலைமுறைக்கும் பயன் தந்து, அசையாது நிற்கும். கித்துளோ அவ்வாறன்று. முதிர்ச்சி அடையும்வரை பூவாது வளரும். பின்னர் முதற் பாளையை உச்சியிலே விடும். அடுத்ததை அதற்குக் கீழே. அடுத்ததை இன்னும் கீழே. இவ்வாறு தலையிலிருந்து அடியை நோக்கி இறங்கி, கடைசிப் பாளையும் காய்த்து முடிந்ததும் மரம் பட்டுப்போகும். சேர்த்துவைத்த மாவுச்சத்து முழுவதையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு நிற்கும் வெற்றுடல் அது. கொடைக்குப் பனையையும் தென்னையையும் உவமை கூறுதல் நம் வழக்கம். எஞ்சாது கொடுப்பதற்கு உவமை வேண்டுவோர் கேகாலைப் பக்கம் வந்து கித்துளைக் காண்க.

நாக மரம் பிறிதொரு குணமுடையது. இலங்கையின் தேசிய மரமாக 1986-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது இதுவே. இதன் மரம் நீரில் மிதவாது மூழ்கும், அத்துணைக் கனம். கோடரி வாய் மழுங்கும். இவ்வளவு இரும்பான மரத்தின் கொழுந்து செந்நிறப் பட்டுப்போலத் துவண்டு தொங்கும். பூவோ வெண்மையும் நடுவிற் பொன்னிறமுமாய் மணம் வீசும். நிழலிலே பல்லாண்டு பொறுத்திருந்து மெல்ல மெல்ல வளர்வது இதன் வழக்கம். இனி வரவிருக்கும் மைத்திரேய புத்தர் இம்மரத்தடியிலே ஞானம் எய்துவார் என்பது பௌத்தர் நம்பிக்கை. காத்திருத்தலுக்கு இதனினும் தகுந்த மரத்தை அவர்கள் தேர்ந்திருக்க இயலாது.

ஆலும் அரசும் அத்தி இனத்தவை. இவற்றின் விதையைப் பறவை சுமந்து பிறிதொரு மரத்தின் கவட்டிலோ பாழ்ச்சுவரிலோ இடும். அங்கே முளைத்து, வேரைக் கீழே இறக்கி, ஏந்திய மரத்தையே நெரித்து அதன் இடத்தில் தாம் நிற்றலும் உண்டு. அத்தி இனம் ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர்க்கத் தனக்கென ஒரு நுண்குளவி உண்டென்பது விஞ்ஞானிகள் கண்ட வியப்பு. கல்லாலின் கீழ்ச் சொல்லாமற் சொன்ன தென்முகக் கடவுளுக்கும் அரசடியில் அமர்ந்த பிள்ளையாருக்கும் புத்தருக்கும் பொதுவாக இவ்வினம் வாய்த்ததில் வியப்பில்லை. எந்தக் காலத்தும் ஏதேனும் ஓர் அத்தி பழுத்திருக்கும்; எல்லா உயிரும் அங்கே கூடும். கூடுமிடத்திற் கோயில் உண்டாதல் இயல்பே.

இனி, தோட்டங்களுக்கு வருவோம். சங்க காலத்து அரசர் ஒவ்வொருவர்க்கும் காவல் மரம் உண்டு. பகைவர் நாட்டுட் புகுந்த வேந்தன் முதலில் அம்மரத்தையே வெட்டுவான்; வெட்டிய கடம்பினாலே முரசு செய்துகொண்ட சேரனைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டு மலைகளில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே. வெட்டுண்டது ஒரு மரமன்று, காடு முழுவதும். உரிமைப் பத்திரமில்லாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்வதற்கு 1840-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பின்னர்க் கோப்பிக்காக மலைமலையாகக் காடு வீழ்ந்தது. வீழ்த்திய முறையையும் எழுதிவைத்திருக்கின்றனர்: சரிவிலுள்ள மரங்களையெல்லாம் பாதி வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியிலுள்ள பெருமரங்களை மட்டும் முழுதும் வெட்டுவர், அவை சாயும்போது கீழுள்ளவற்றின்மேல் விழ, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மலைமுழுதும் ஒரே முழக்கத்தோடு சரியும். பின்பு தீயிடுவர். 1869-இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், அந்நிலத்திலே தேயிலையும் இறப்பரும் வந்தன.

இறப்பரின் வரலாறு தெரிந்ததே. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவற்றுட் பெரும் பகுதி அவ்வாண்டே இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. இன்று யட்டியந்தோட்டையிலும் தெரணியகலையிலும் எகலியகொடையிலும் வரிசை வரிசையாக நிற்பன அவ்வழி வந்தவையே. நட்டு ஆறேழு ஆண்டிற் பால் வெட்டத் தொடங்குவர். விடியற்காலையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினாற் பால் குறையும். ஆகையாற் பொழுது புலருமுன் கத்தியோடு மலையேறும் ஆணும் பெண்ணும் பட்டையை மயிரிழை கனத்திற் சாய்வாகச் சீவிச் சிரட்டையை ஏந்திவைப்பர். கத்தி சிறிது ஆழப்பட்டால் மரம் புண்படும். மேலோட்டமாயிற் பால் வாராது. தை மாசி மாதங்களில் இம்மரம் இலையெல்லாம் உதிர்த்து நிற்கும். மழைக்காட்டின் நடுவே வேற்று நாட்டுப் பழக்கத்தை மறவாத மரம்!

இங்கே எமக்கு நெடுநாளாக ஒரு வினா. பால் வடியும் மரங்களைத் தமிழர் பெரிதும் போற்றினர். ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நான்கையும் நாற்பால்மரம் என்று வைத்தியரும் தொகுத்துரைப்பர். பாலே கண்ணைக் கெடுக்கும் தில்லை மரங்கூடச் சிதம்பரத்தின் தலமரமாகியது. இத்தோட்டத்து மக்களுக்கு நூற்றாண்டுக்கு மேலாகச் சோறிட்ட பால்மரம் இறப்பர். எனினும் ஓர் இறப்பர் மரத்தடியிற் சூலம் நட்டதையோ, அதற்கு மஞ்சட்துணி கட்டியதையோ யாம் கண்டதில்லை. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதமுனியும், கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமியும் கண்ட மலையகத்தாரின் பக்திக்குக் குறைவென்று கூற இயலாது. அவர்களின் முனியாண்டியும் மாடசாமியும் தோட்ட எல்லையில், ஓடைக்கரையில், எவரும் நடாத ஓர் ஆலின் அடியிலோ அரசின் அடியிலோதான் இருக்கின்றனர்.

காரணம் மரத்தின் வாழ்விலேயே உள்ளது என்பது எம் துணிபு. இறப்பருக்கு முதுமை இல்லை. முப்பதாண்டு அளவிற் பால் குறைந்ததும் வேரோடு பிடுங்கிப் புதிதாக நடுவர். பாட்டன் வெட்டிய மரம் பேரனுக்கு நில்லாது. ஒவ்வொன்றும் வரிசைப்படி நிற்பது, எண்ணப்படுவது, கணக்கில் எழுதப்படுவது. தெய்வம் உறைவதற்கு, மனிதர் வாழ்நாளைக் கடந்து நிற்பதும் எவர் கணக்கிலும் சேராததுமான ஒரு மரம் வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலே நாடற்றவராக்கப்பட்டு, தலைக் கணக்காலே மட்டும் அறியப்பட்டு வந்த மக்கள், தாம் நட்ட இலட்சம் மரங்களை விடுத்து நடாத ஒன்றைத் தமக்கெனத் தேர்ந்தனர். 1977-லும் 1983-லும் கலவரத்துக்கு அஞ்சி இம்மாகாணத்தை விட்டு வன்னிக்குப் பெயர்ந்தோர் பலர். உடைமையைச் சுமக்கலாம், தெய்வம் உறையும் ஆலைச் சுமக்க இயலுமா?

முள்முருக்கு ஒன்றே தோட்டத்திலும் ஊரிலும் ஒருங்கே மதிப்புப் பெற்றது. தேயிலைக்கு நிழலும் தழையுரமும் வேண்டி இதனை நட்டுத் திரும்பத் திரும்பக் கிளை தறிப்பர். யாழ்ப்பாணத்திலோ திருமண வீட்டிற் கன்னிக்காலாக ஊன்றுவது இதன் கிளையையே. கலியாண முருங்கை என்ற பெயரும் அதனால் வந்தது. வெட்டிய கிளையை ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விட்டுத் தளிர்க்கும் என்ற ஒரே குணம் இரண்டிடத்தும் இதற்கு வேலை கொடுத்திருக்கிறது. பிறந்த வீட்டினின்று பிரிந்து புகுந்த வீட்டில் வேரூன்றப்போகும் மணமகளுக்கு வேறு எம்மரம் பொருந்தும்?

மரத்தின் பண்பை அறிதல் ஏட்டுக் கல்வி மட்டுமன்று என்பதைக் கேகாலை மாவட்டம் 2016-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் கண்டது. அரநாயக்கையிற் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அதே நாளில் புளத்கொஹுபிட்டியைச் சார்ந்த களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கி லயன் குடியிருப்பைப் புதைத்தது. பெருமழையும் மண்ணின் அமைப்பும் சரிவுக்கு முதற்காரணங்கள். மிக ஆழத்திலிருந்து பெயரும் மலையை எந்த வேரும் பிடித்து நிறுத்தாது. ஆயினும் மேல்மண்ணை இறுக்கவும், பெய்த நீரைத் தடுத்து மெல்ல விடவும் பல்வேறு ஆழத்தில் வேரோடிய கலப்புக்காடு செய்யும் வேலையை, ஒரே வயதும் ஒரே இனமுமான மர வரிசை செய்ய இயலாது. லயன் அறைகள் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதை அவற்றில் வாழ்வோர் ஒருபோதும் தீர்மானித்ததில்லை.

சிங்கராஜ வனத்தின் ஓரத்திலே, குடாவைப் பக்கத்தில், ஒரு சோதனை நடந்தது. காட்டைச் சூழ ஒரு காலத்திற் கரிபியப் பைன் மரங்களை நட்டிருந்தனர். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் அவர்தம் குழுவினரும் அப்பைன் மரங்களை முற்றும் அழிக்காது, சில வரிசைகளை மட்டும் அகற்றி, விழுந்த ஒளியிலே காட்டு மரங்களின் நாற்றுகளை நட்டனர். முழுவெயிலிற் கருகியிருக்கக்கூடிய குங்கிலிய இனத்து நாற்றுகள், அந்நிய மரத்தின் அரைநிழலில் வேர்பிடித்து எழுந்தன. தோட்டங்களிற் பால் வற்றிய இறப்பர்க் காணிகள், செங்குத்தாதலால் மீண்டும் பயிரிடத் தகாதவை, ஆங்காங்கே கிடக்கின்றன. அவற்றின் நிழலிலும் நாகமும் ஹொரவும் நட்டுப் பார்க்கலாம். நாற்றை நடும் கை, இம்முறையும் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளியின் கையாகவே இருக்கும்.